காந்தாரி அக்காவும் ஏரிக்கு வந்த சட்டமும்

கோபத்தால் படகு ஓட்டிய மனுஷி இந்தப் பூலோகத்தில் ஒருத்திதான் இருந்தாள். பீர்மேட்டுக்கு அப்பால், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே கிடந்த பெரிய ஏரியில் அவள் வள்ளம் தள்ளினாள். கையில் துடுப்பு இருந்தது உண்மைதான். ஆனால் அது ஒப்புக்கு. இக்கரையில் ஏறியதிலிருந்து அக்கரையில் இறங்கும்வரை யாரையாவது திட்டிக்கொண்டே இருப்பாள். அந்த வேகத்திலேயே வள்ளம் போய்விடும். திட்டுவதற்கு ஆள் அகப்படாத நாளில் அக்கரை சேரக் கால் மணி நேரம் கூடுதலாகும் என்று என்னிடம் சத்தியம் செய்தவர்கள் இருக்கிறார்கள்.

எல்லோரும் அவளைக் காந்தாரி அக்கா என்றார்கள். மலையாளத்தில் காந்தாரி என்றால் ஊசிமிளகாய். ஆளும் அந்த அளவுதான். வள்ளத்தின் பின்முனையில் நின்றால், முன்னால் உட்கார்ந்திருக்கும் எங்கள் தலைகளுக்கு மேல் அவள் கொண்டை மட்டும் தெரியும். சத்தம் மட்டும் மலையில் போய் முட்டித் திரும்பி வரும். ஆகவே ஒவ்வொரு வசவையும் நாங்கள் இரண்டு முறை கேட்டோம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் அந்தத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். பாலக்காட்டுக்குக் கிழக்கே எலப்புள்ளிக்காரன். எங்கள் பக்கத்துப் பேச்சில் வாய்க்கு வாய் 'ங்க' போட்டுத்தான் பேச வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மருந்துப் பெட்டியோடு வள்ளத்தில் ஏறி, மரியாதையாகக் கேட்டேன்.

"ஏனுங்க அக்கா, இன்னைக்கு மழை வருமுங்களா?"

துடுப்பு நின்றது.

"என்னய்யா கம்பவுண்டரே, 'ங்க' 'ங்க'ன்னு கோயில் மணி மாதிரி அடிக்கீரு? மழைகிட்டயும் இப்படித்தான் கேப்பீரோ? வந்தா நனையும். வராட்டா நனையாதீரும். அந்தப் பெட்டிய மடியில வையும், அடியில தண்ணி கெடக்கு. மருந்து நனைஞ்சா சீக்காளிக்கு என்னத்தக் குடுப்பீரு, உம்ம 'ங்க'வையா?"

அவளுடைய அப்பா அம்மா திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறி வந்தவர்கள். பேச்சில் அந்தச் சீமை அப்படியே இருந்தது. ஒன்று சொல்ல வேண்டும்: ஒரு கெட்ட வார்த்தை அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. அவரவர் அளவுக்குத் துணி வெட்டித் தைப்பதுபோல, ஆளுக்குத் தக்க வசவைப் புதிதாகச் செய்வாள். ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவருக்குச் சொல்ல மாட்டாள்.

ஒருமுறை மீசை முறுக்கிய வனக்காவலர் ஒருவர் வள்ளத்தில் போகும்போது வெற்றிலைச் சாற்றை ஏரியில் துப்பிவிட்டார். பாதி ஏரி தாண்டியாயிற்று. அக்கா வள்ளத்தைத் திருப்பினாள். ஏறிய கரைக்கே கொண்டுவந்து நிறுத்தினாள்.

"எறங்கும்."

"எதுக்கு?"

"துப்புன இடம் தெரியும்லா? நீந்திப் போயி எடுத்துட்டு வாரும். பெறவு ஏறலாம்."

அவர் காக்கிச் சட்டையைத் தொட்டுக் காட்டிச் சர்க்கார், கேஸ் என்றெல்லாம் சத்தம் போட்டார். நாங்கள் எட்டுப் பத்துப் பேர் வேலைக்குப் போக வேண்டியவர்கள், கெஞ்சினோம். அவள் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் காக்கிச் சட்டைக்காரர் ஏரியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "தப்புதான்" என்ற பிறகுதான் வள்ளம் அசைந்தது.

அந்த ஏரிக்குச் செல்லாயி ஏரி என்று பெயர். செல்லாயி யார் என்று நான் கேட்டதில்லை. ஏதோ அம்மன் என்று நினைத்துக்கொண்டேன். விசாரித்திருந்தால் பின்னால் அவமானப்பட்டிருக்க வேண்டாம்.

பெரிய துரை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சீமைக்குத் திரும்புகிற நேரம் வந்தது. அவருடைய சிநேகிதர்கள் துரைசானிக்கு ஒரு பரிசு கொடுக்க நினைத்தார்கள். வெள்ளித் தட்டு கொடுத்திருக்கலாம். யானைத் தந்தம் கொடுத்திருக்கலாம். அவர்கள் ஏரியைக் கொடுத்தார்கள்! அதுவும் அடுத்தவன் ஏரியை! துரைசானியின் பெயர் எவலின். செல்லாயி ஏரிக்கு இனிமேல் எவலின் ஏரி என்று பெயர் வைக்க வேண்டுமாம். தோட்டத்து முதலாளிகளின் சார்பில் சமஸ்தானத்துச் சபையில் ஓர் அங்கத்தினர் இருந்தார். அவர் அதற்கென்று ஒரு மசோதாவே கொண்டுவந்துவிட்டார். இத்தனைக்கும் அந்த அம்மாள் ஏரியில் ஒரே ஒருமுறைதான் வள்ளம் ஏறினாள். நடு ஏரியில் தலை சுற்றி, திரும்பிப் போகச் சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். பரிசு கேட்டவள் அவள் இல்லை.

இதை எழுதும்போது இப்போதும் எனக்குப் பேனா காகிதத்தில் குத்தி நிற்கிறது. ஆத்திரம். சரி, மேலே சொல்கிறேன்.

மசோதாவின் விளம்பரத்தைக் வள்ளம் ஏறும் கடவில் நின்ற நாவல் மரத்தில் ஒட்டினார்கள். ஆட்சேபம் உள்ளவர்கள் விசாரணைக்கு வந்து சொல்லலாம் என்று அதில் இருந்தது. மலையாளத்தில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. அங்கே வேலை செய்த தமிழாட்களில் முக்காலே மூணு வீசம் பேருக்கு இரண்டும் தெரியாது. யாருக்குத் தெரியக் கூடாதோ அவர்களுக்குத் தெரியாத பாஷையில் ஒட்டுவதற்குத்தான் விளம்பரம் என்று பெயர்.

அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள். "கம்பவுண்டரே, இதுல என்ன எழுதியிருக்கு? படியும்."

படித்தேன். இனிமேல் சர்க்கார் காகிதம், தோட்டத்துக் காகிதம், வள்ளம் விடுகிற கடத்து லைசென்ஸ் எதிலும் பழைய பெயர் வரக் கூடாது. வந்தால் அந்தக் காகிதம் செல்லாது. அவள் முகத்தில் மிளகாய் பழுத்துக்கொண்டு வந்தது.

"யாரு கேட்டா இப்படி மாத்தச் சொல்லி?"

"இந்தப் பக்கத்து சனங்க எல்லாரும் ஒருமனசாக் கேட்டாங்கன்னு போட்டிருக்குதுங்க அக்கா."

"எந்தச் சனம்? பேரு போட்டிருக்கா?"

போட்டிருந்தது. கீழே வரிசையாகக் கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்கள். ஹெட் கிளார்க்கு, டீ மேக்கர், ஸ்டோர் கீப்பர் என்று வாசித்துக்கொண்டே வந்தவன், ஓரிடத்தில் நின்றேன்.

"ஏன் நிறுத்திட்டீரு? தொண்டை அடைச்சுக்கிட்டா?"

"அடுத்தது... என்ற சொந்தப் பேருங்க அக்கா."

நடந்தது இதுதான். துரை பங்களாவில் பிரிவுபசார விருந்து. தோட்டத்து உத்தியோகஸ்தர்கள் எல்லோருக்கும் கேக்கும் டீயும் கொடுத்தார்கள். ஒரு காகிதம் கைமாறிக் கைமாறி வந்தது. அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று அப்போது எல்லோரிடமும் சொன்னேன். பொய். படித்துவிட்டுத்தான் போட்டேன். ஏரியின் பெயர்தானே, எனக்கென்ன வந்தது என்று போட்டேன். கேக் நன்றாக இருந்தது.

அக்கா என் மருந்துப் பெட்டியைத் தூக்கிக் கரையில் வைத்தாள்.

"படிச்ச கையி! தலைவலிக்கு மாத்திர எண்ணிக் குடுக்கிற கையின்னு நெனச்சேன். கேக்கு திங்கிற கையா அது? உம்ம வீட்டுக்கு நாளைக்கு ஒருத்தன் வருவான், உம்ம அப்பன் பேரை மாத்திட்டோம்னு சொல்லுவான், ரெண்டு துண்டு கேக்கு குடுப்பான். அப்பவும் போடும் கையெழுத்து! இனி இந்த வள்ளத்துல உம்ம நெழலு விழப்பிடாது. நடந்து போம்!"

நடந்து போனேன். ஏரியைச் சுற்றிப் போனால் அக்கரைக்கு அரை நாள். வழி முழுக்க ஈரக் காடு, அட்டை. போய்ச் சேரும்போது என் காலில் என் தோலைவிட அட்டைதான் அதிகம் இருக்கும். நோயாளிகள் எனக்கு உப்பு வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். முதலில் அவர்கள் எனக்கு வைத்தியம் பார்ப்பார்கள், பிறகு நான் அவர்களுக்குப் பார்ப்பேன். வள்ளம் நடு ஏரியில் போவது மரங்களுக்கு இடையே தெரியும். "அந்தா போறாரு பாரு கேக்கு கம்பவுண்டரு" என்று அக்கா பிரயாணிகளுக்கு என்னைக் காட்டுவது கேட்கும். இரண்டு முறை.

மாசக் கடைசியில் தாசில்தார் வந்து விசாரணை வைத்தார். கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் மேஜை போட்டார்கள். துரை ஒரு பக்கம் சுருட்டோடு உட்கார்ந்திருந்தார். ஆட்சேபம் சொல்ல நூறு பேர் வருவதாக இருந்தது. காலையில் கங்காணிகள் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போய், கொட்டகைக்குப் போகிறவனுக்கு நாளைக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வந்தது காந்தாரி அக்கா ஒருத்தி.

அவள் பேசுவதைத் துரைக்காக இங்கிலீஷில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஹெட் கிளார்க்கு எழுந்தார்.

"நீரு இரும்" என்றாள் அக்கா. "நீரு தொரைக்குச் சுருட்டுக்கு நெருப்பு வைக்கிற ஆளு. அந்தா மூலையில ஒளிஞ்சு நிக்காருல்லா, கேக்கு கம்பவுண்டரு, அவரு வரட்டும். கேக்கு தின்ன வாயாலயே சொல்லட்டும்."

போனேன். தாசில்தார் பெயர் கேட்டார். "காந்தாரின்னு எழுதும்" என்றாள். ஆட்சேபம் என்ன என்று கேட்டார். ஆரம்பித்தாள். சுருட்டிலிருந்து சபைவரை, கேக்கிலிருந்து கங்காணிவரை ஒருவரையும் விடவில்லை. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. முடித்து மூச்சு வாங்கினாள். நான் இங்கிலீஷில், "இவருக்குச் சம்மதமில்லை" என்றேன்.

"என்னது, அம்புட்டையும் அதுக்குள்ள சுருட்டிட்டீரா? ஒழுங்காச் சொல்லுமய்யா!"

தாசில்தார் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "செல்லாயி என்பவள் உனக்கு என்ன உறவு? அம்மாவா, பாட்டியா?"

"ஒரு உறவும் கெடையாது. எங்க ஆத்தாளுக்கும் அவளுக்கும் ஆகாது. குடிதண்ணிச் சண்ட. ரெண்டு பேரும் முடியப் பிடிச்சு இழுத்துக்கிட்டு உருண்டிருக்காக. ஒருத்தி மொகத்துல ஒருத்தி முழிக்க மாட்டாக."

துரை சுருட்டை எடுத்துவிட்டுச் சிரித்தார். "அப்புறம் இவளுக்கு என்ன கவலையாம்?"

நான் அதைத் தமிழில் சொன்னேன். அக்கா துரையைப் பார்த்தாள். அதுவரை தகரத்தை அதிரவைத்த குரல் தணிந்துவிட்டது.

"ஏரிக்கு அணை கட்டும்போது நடந்தது. எங்க ஆத்தா கீழ பள்ளத்துல கல்லு சுமந்துக்கிட்டிருந்தா. நான் அப்ப வயித்துல. செல்லாயி மேல கரையில நின்னா. மழையில கரை ஒடைய ஆரம்பிச்சுட்டு. மேல நின்னவுகள்லாம் ஓடிட்டாக. அவ ஓடல. கீழ கெடந்த ஒவ்வொருத்தரையும் பேரைச் சொல்லிக் கத்திக் கூப்பிட்டா. வெறுமன 'ஓடு ஓடு'ன்னா மழைச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்? பேரைச் சொன்னா திரும்பிப் பாப்பம்லா? எங்க ஆத்தாகூட வருசக்கணக்காப் பேசாதவ, அன்னைக்கு எங்க ஆத்தா பேரைச் சொல்லிக் கத்தினா. ஆத்தா திரும்பிப் பாத்தா, ஏறிட்டா. நான் பொறந்தேன். செல்லாயி நின்ன கரை போயிட்டு. ஆளு கெடைக்கல. இந்தத் தண்ணிக்குள்ளதான் இருக்கா. அவ பேரை அழிக்க இவுக யாரு? இதச் சொல்லும். ஒரு வார்த்த விடாமச் சொல்லும்."

ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சொல்லி முடித்தபோது என் இங்கிலீஷ் எங்கேயோ போய்விட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்குள் என்னவோ பொங்கியது. "என்ற கையெழுத்தை நான் திரும்ப எடுத்துக்கறனுங்க" என்று தாசில்தாரிடம் தமிழிலேயே சொன்னேன். பிறகு இங்கிலீஷிலும் சொன்னேன். துரை என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் கடவில் போய் நின்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "என்னய்யா மரம் மாதிரி நிக்கீரு? ஏறும். காலைக் கழுவிட்டு ஏறும், அட்டையெல்லாம் என் வள்ளத்துல குடி வந்துரும்." பெட்டியை அவளே வாங்கி, நான் உட்கார்ந்ததும் என் மடியில் வைத்தாள்.

மசோதா நிறைவேறிவிட்டது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சபையில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, எதிர்ப்பில்லாமல் சட்டமாயிற்று என்று பேப்பரில் இரண்டு வரி வந்தது. விசாரணை அறிக்கையில் என்ன எழுதியிருந்தது என்று ஹெட் கிளார்க்கு எனக்குக் காட்டினார்: "ஆட்சேபம் ஒன்று. ஆட்சேபித்தவர் எழுத்தறிவில்லாத, முன்கோபியான ஒரு பெண்." அவ்வளவுதான். கரை உடைந்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் விடாமல் சொன்ன வார்த்தைகளில் ஒன்றுகூட இல்லை! அந்தக் காகிதத்தைக் கிழித்துப்போட எனக்குத் தைரியம் இருந்திருந்தால் இன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

வருஷத்துக்கொரு முறை கடத்து லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். புது லைசென்ஸில் எவலின் ஏரி என்று அச்சடித்திருந்தது. அக்கா கைநாட்டு வைக்காமல் பெருவிரலை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். "வெட்டி எடுத்துக்கிட்டுப் போயி ஒட்டிக்கிடுங்க" என்றாள். லைசென்ஸ் கீழ்நாட்டுக் காண்டிராக்டர் ஒருவருக்குப் போயிற்று. அவர் புதுப் படகு கொண்டுவந்தார். பச்சை வர்ணம், உட்காரப் பலகை, மேலே கித்தான் கூரை. அக்கா தன் வள்ளத்தைக் கரையில் கவிழ்த்துப்போட்டு, அதன் மேல் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைத் திட்டினாள்.

இந்த இடத்தில்தான் சட்டம் சறுக்கி விழுந்தது. எவலின் என்ற பெயர் நம் ஆட்கள் நாக்கில் நிற்கவில்லை. ஏவலின் ஆயிற்று. ஒரே வாரத்தில் ஏவல் ஏரி ஆயிற்று. ஏவல், பில்லி, சூனியம் என்றால் நம் சனங்களுக்குச் சொல்ல வேண்டுமா? துரை போகும்போது ஏரியில் ஏவல் வைத்துவிட்டுப் போய்விட்டான், அதற்குச் சட்டமும் போட்டிருக்கிறான் என்று லயத்துக்கு லயம் பேச்சு. யாராவது அக்காவிடம் கேட்டால், "எனக்கென்ன தெரியும்? சர்க்காரே எழுதிப் போட்டிருக்கு, படிச்சுக்கிடுங்க" என்பாள். அவள் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பச்சைப் படகில் ஏற ஆள் இல்லை. தபால் தேங்கியது, மருந்து தேங்கியது, அக்கரைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்க ஆள் போய்ச் சேரவில்லை. மூன்றாம் மாதம் காண்டிராக்டர் படகை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். புதிதாக வந்திருந்த துரையே தாசில்தாருக்கு எழுதினார். பழைய பெயரை எழுதினால் காகிதம் செல்லாது. புதுப் பெயரை எழுதினால் காந்தாரி விரல் வைக்க மாட்டாள். தாலுகா கச்சேரியில் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் ஒரு குமாஸ்தா வழி கண்டுபிடித்தார். புது லைசென்ஸ் வந்தது. அதில் ஏரியின் பெயர் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் 'மேற்படி நீர்நிலை' என்று இருந்தது. மேலே எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

அக்காவுக்கு நான்தான் வாசித்தேன்.

"அந்தப் பேரு எங்கயும் இல்லியே?"

"இல்லீங்க அக்கா."

"செல்லாயி பேரு?"

"அதுவும் இல்லீங்க."

காகிதத்தைப் புரட்டிப் பின்பக்கமும் பார்த்தாள். பிறகு விரலை மையில் அழுத்தி, காகிதம் கிழிகிற மாதிரி வைத்தாள். "பேரு சொல்லப் பயந்த பயலுவ" என்றாள். சந்தோஷப்படவில்லை. நானும் படவில்லை. இன்றைக்கும் சர்க்கார் வரைபடத்தில் அந்த ஏரிக்கு எவலின் ஏரி என்றுதான் பெயர். படம் பார்க்கிறவர்கள் அப்படியே நம்பிக்கொண்டும் இருக்கிறார்கள்.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் தோட்டத்தில் ஆட்குறைப்பு என்றார்கள். குறைந்த ஆள் நான் ஒருவன்தான். அது எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். நானும் மனைவியும் தட்டுமுட்டுச் சாமான்களோடு கடவுக்கு வந்தோம். அக்கா எல்லாவற்றையும் ஏற்றினாள். கூலி கொடுக்கப் போனேன்.

"வச்சுக்கிடும். ஊருல போயி வேல கெடைக்கிறவரைக்கும் எதத் திம்பீரு, கேக்கா?"

வழி நெடுக வசவு. பெட்டிக்குக் கயிறு சரியாகக் கட்டவில்லை என்று எனக்கு. இப்படி ஓர் ஆளைக் கட்டிக்கொண்டதற்கு என் மனைவிக்கு. எதிர்க்காற்றுக்கு. அக்கரையில் மாட்டுவண்டி காத்திருந்தது. வண்டிக்காரரையும் விடவில்லை.

"இந்தா பாரும், கம்பவுண்டரைப் பின்னால உக்கார வைக்காதீரும். ஆட்டம் தாங்காத ஒடம்பு அவருக்கு. நீரு குடிச்சிட்டு ஓட்டுற மாதிரி ஓட்டாமப் பையப் போம். வளைவுல எறங்கிப் பிடிச்சுக்கிட்டுப் போம். என்ன, காதுல விழுதா? ஏய் கம்பவுண்டரே, அந்தப் போர்வைய எடுத்துப் போத்தும். குளிரு ஏறுதுல்லா, அதுகூடவா சொல்லிக் குடுக்கணும்?"

வண்டி நகர்ந்தது. அவள் கரையில் நின்றுகொண்டு திட்டிக்கொண்டே இருந்தாள். முதல் வளைவு திரும்பினோம்; கேட்டது. இரண்டாவது வளைவிலும், மெலிதாக, கேட்டது. மூன்றாவது வளைவில் ஒன்றும் கேட்கவில்லை. அங்கேதான், மனைவி பார்த்துவிடக் கூடாதென்று போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு, நான் அழுதேன்.